பழைய வீட்டுத் திண்ணையை 12,000 ரூபாய்க்குள் புதுப்பிக்க முடியுமா?

காவிரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்து, காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதால் மாதத்துக்கு இரண்டு முறைதான் ஊருக்குப் போகிறேன்; தந்தையார் மட்டும் அங்கே இருக்கிறார். தை மாதக் கடைசியில் தங்கையின் நிச்சயதார்த்தத்தை அந்த வீட்டிலேயே நடத்த முடிவு செய்திருக்கிறோம். இப்போது கார்த்திகை நடக்கிறது. வீட்டின் உட்புறத்தை ஓரளவு ஒழுங்குபடுத்திவிட்டோம். முகப்பைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கென்று என்னால் ஒதுக்க முடிந்த தொகை 12,000 ரூபாய்.

வீட்டின் முன்பக்கம் 20 அடி அகலம். வாசற்படிக்கு இடப்புறம் 9 அடி நீளமும் வலப்புறம் 7 அடி நீளமும் உள்ள இரண்டு திண்ணைகள், ஒவ்வொன்றும் 5 அடி அகலம். தரை சிவப்பு ஆக்சைடு பூசியது. இப்போது சாம்பல் பூத்தது போல மங்கிக் கிடக்கிறது, சில இடங்களில் மயிரிழை வெடிப்புகளும் உண்டு. மேலே சீமை ஓடு. அதைத் தாங்கும் நான்கு மரத்தூண்களில் எப்போதோ பச்சை எனாமல் அடித்திருக்கிறார்கள். பின்சுவரின் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை, வண்ணப்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்கிறது. விரலை வைத்துத் தேய்த்தால் கோல மாவு போல வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதிக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசி எமல்ஷன் அடித்தோம்; அதன் பிறகு மூன்று முறை அடித்தும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் இதே கதைதான்.

உள்ளூர் பெயிண்டர் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க 9,000 ரூபாய் கேட்கிறார். தரைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தந்தையாரோ, "டைல்ஸ் போட்டுவிட்டால் மத்தியானத்தில் நான் எங்கே போய்ப் படுப்பது?" என்று கேட்கிறார். இது தவிர, தூண்களில் சுற்றுவதற்குப் பிளாஸ்டிக் கொடிகளும், ஓட்டு விளிம்பு நெடுகக் கட்டுவதற்கு எல்இடி சரமும் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். ஓட்டின் அடியில் 1865 என்று பொறித்திருப்பதால் வீட்டுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று தந்தையார் சொல்வார். இந்தத் தொகைக்குள் எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்கல்மேடு எழுதியது:

கட்டட வேலைகளில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த 9,000 ரூபாயைப் பெயிண்டரிடம் கொடுக்காதீர்கள். அவர் வேலை தெரியாதவர் என்று சொல்லவில்லை. நீங்கள் விவரிக்கும் சுவரில் எவ்வளவு நல்ல பெயிண்டரும் தோற்றுத்தான் போவார். உங்கள் கையில் ஒட்டிய அந்த வெள்ளை மாவு, செங்கல்லிலும் மண்ணிலும் இருக்கும் உப்பு. அடிமண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறும்போது இந்த உப்பையும் கரைத்துக் கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் ஈரம் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பருக்கிறது. மேலே எமல்ஷன் ஒரு தோல் போல மூடியிருப்பதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலையே தள்ளிக்கொண்டு வருகிறது. ஓதம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அந்தக் காலச் சுவர் சுண்ணாம்புக் காரையால் கட்டியது. அது ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் இறுக்கமான சிமெண்டுப் பூச்சைப் பூசியதால்தான் ஓதம் இன்னும் மேலே ஏறியிருக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் சிறு வயதில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற எத்தனை படிகள் இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன? நம் ஊர்த் தெருக்களில் பழைய தார்ப்பரப்பின் மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார்; ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருவை நாம் ஒன்றும் செய்ய முடியாது. நம்மால் முடிந்தது, ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து கொட்டும் மழைநீர் திண்ணையின் அடியிலேயே விழுந்து தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான். நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஓட்டு விளிம்பின் கீழே சற்றுச் சரிவாகக் கட்டி, நீரை ஒரு பக்கமாகக் கொண்டு போய்விடுங்கள். பார்வைக்கு அழகாக இருக்காதுதான். ஆனாலும் உங்கள் முகப்பின் ஆயுள் இந்தக் குழாயில்தான் இருக்கிறது.

அடுத்து, ஒரு கொத்தனாரையும் ஒரு சித்தாளையும் இரண்டு நாள் வைத்து, உதிரும் உயரத்துக்கு மேலும் ஓரடி சேர்த்து, அந்தச் சிமெண்டுப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல் தெரியும் நிலையில் பத்து நாளாவது காற்றாட விடுங்கள். அந்த நாட்களில் உப்பு வெளியே பூத்துக்கொண்டே இருக்கும். அதைக் காய்ந்த தென்னந்துடைப்பத்தால் தட்டிக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். பலரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்த காரையைப் பூசச் சொல்லுங்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பது மரபு. அது தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார், கோயில் திருப்பணி செய்பவர்களிடம் விசாரியுங்கள். சிமெண்டு ஒரு கரண்டி கூடக் கலக்க விடாதீர்கள். "பலமாக இருக்கட்டும்" என்று அவர்களாகவே கலந்துவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அதன் மேல் வெள்ளையடித்தால் போதும். உங்கள் சுவருக்கு ஐந்தாறு கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு தாராளம். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கு. சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும், அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். மண் தொட்டியோ இரும்பு டிரம்மோ நல்லது. கண்ணாடி அணியாமல் அருகில் போக வேண்டாம். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். தாளித்த சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மூன்று கோட் அடியுங்கள்.

எளியவழி எழுதியது:

பெரியவர் சொல்லும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்கள் பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாகத் திண்ணையில் வந்து சாய்வார்களே, அவர்கள் முதுகெல்லாம் சுண்ணாம்பாகிவிடாதா? எங்கள் வீட்டில் வெள்ளையடித்திருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் என் சட்டையின் பின்புறத்தைப் பார்த்தே திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன் என்று ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். மேலும் ஆண்டுதோறும் அடிக்க வேண்டிய வேலையை, வயதான தந்தையார் தனியாக இருக்கும் வீட்டில் யார் செய்வது? பூச்சைக் கொத்தி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, அந்த மூன்றடிக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் உதிர்வதே கண்ணுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

செங்கல்மேடு எழுதியது:

கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். அந்த மூன்றடியில் வெளியேற வழி கிடைக்காத ஈரம், டைல்ஸுக்கு மேலே நான்காவது அடியிலும் ஐந்தாவது அடியிலும் வந்து எட்டிப் பார்க்கும். உங்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே சுவர் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

சட்டையில் ஒட்டும் என்று நீங்கள் சொன்னது சரியான குறைதான், அதை நான் ஏற்கிறேன். கஞ்சியோ பசையோ சேர்த்து, மெல்லிய கோட்டாக அடித்து, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததை அடித்தால் ஒட்டுவது வெகுவாகக் குறையும். ஆனாலும் முற்றிலும் நிற்காது. முதுகு சாயும் உயரத்தில் சுவரோரமாகக் கோரைப்பாயை நீளவாக்கில் மாட்டிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. பாய்க்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் புகும், பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும், நிச்சயதார்த்தம் முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்பது குறையா நிறையா என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம். நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதே அதற்குத்தானே ஏற்பட்டது!

காரைக்குடி மருமகள் எழுதியது:

தம்பி, தரையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்தத் தரையை ஒன்றும் செய்துவிடாதீர்கள். மத்தியானத்தில் எங்கே படுப்பது என்று உங்கள் அப்பா கேட்டதில் எல்லாம் அடங்கிவிட்டது. வெயில் காலத்தில் வெற்று முதுகோடு சிவப்புத் தரையில் படுத்தவருக்கு அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லைப் போடச் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் வார்க்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊற வைத்தே இறுகச் செய்கிறார்கள். அவ்வளவு அருமையான கல் என்றாலும், கல்லின் விலை, வண்டிக் கூலி, பதிக்கும் கூலி என்று பார்த்தால் உங்கள் பணம் ஒரு திண்ணைக்குக்கூடப் போதாது. இருக்கிற நல்ல தரையை உடைத்துவிட்டு அதைப் போடுவதில் எனக்குச் சம்மதமும் இல்லை.

சாம்பல் பூத்தது போல இருக்கிறது என்றீர்களே, யாராவது ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆசிட் சிமெண்டை அரித்துவிடும். மேலே இருக்கும் வழவழப்பு போய் மணல் தெரியத் தொடங்கும். அப்படி அரித்துப்போன இடம் எதைத் தேய்த்தாலும் பழைய பளபளப்புக்கு வராது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்கள் வரும். பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்துப் பிசைந்த தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு, தரை முழுவதும் மெல்லப் பூசி, கால்மணி நேரம் கழித்துப் பழைய பருத்தி வேட்டியால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாதபடி அழுத்தித் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் மிச்சம் இருந்தால் தூசி ஒட்டிக் கறுத்துவிடும், அப்பாவுக்குக் கால் வழுக்கும் என்ற பயமும் உண்டு. இதை மூன்று நாள் விட்டு மூன்று நாளாக நான்கு முறை செய்தால் நிறம் உள்ளிருந்து எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள். வேலை தீர்ந்த பிறகு தேன்மெழுகைக் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்துத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். டர்பன்டைன் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பில் வைத்து உருக்கவே கூடாது, மெழுகைத் தனியாக வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு வெளியில் கொண்டுவந்து கலக்க வேண்டும்.

வெடிப்புகளை அடைக்கச் சொல்லாதீர்கள். புதிதாகக் கலக்கிற சிவப்பு பழைய சிவப்போடு ஒருநாளும் சேராது. எங்கள் வீட்டு ரேழியில் என் கொழுந்தனார் அடைத்த வெடிப்பு, இருபது ஆண்டாகத் தழும்பு மாதிரி நிற்கிறது. இன்னொன்று, வெள்ளையடிக்கும் முன்பு தரை முழுவதும் நனைத்த கோணிச் சாக்கை விரித்துவிடுங்கள். சுண்ணாம்புச் சொட்டு சிவப்புத் தரையில் காய்ந்துவிட்டால் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சுவர் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தரையைத் தொட வேண்டும்.

தச்சன்மகள் எழுதியது:

உங்கள் புனைபெயரில் இருக்கும் கரையான் தூணில் இல்லாமல் இருந்தால் அதுவே பாதிச் செலவு மிச்சம். தூணின் அடிப்பாகத்தையும், உத்திரம் சுவரில் நுழையும் இடத்தையும் ஒரு திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் கவலையில்லை. பொத்தென்று ஒலித்தாலோ, பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தாலோ மற்ற அலங்காரங்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதற்கு ஆள் பாருங்கள்.

பச்சை எனாமலை நீக்கினால் அடியில் தேக்கு இருக்கக்கூடும். ஆனால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டு வண்ணப்பூச்சுகளில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தூணில் இருப்பது அதற்கு வெகு முன்பு அடித்தது என்பதால், அந்தத் தூளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் தெளித்து ஈரமாகவே, நீரில் கரையாத உப்புத்தாளால் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, உதிர்ந்ததைத் துணியில் துடைத்து ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் வந்து விளையாடும் இடம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். நான்கு தூணையும் முழுதாகச் சுரண்ட நேரமில்லை என்றால், உதிரும் இடங்களை மட்டும் ஈரத்தில் தேய்த்து மட்டம் செய்துவிட்டு, அதன் மேலேயே ஒரு கோட் காப்பி நிற எனாமல் அடித்துவிடலாம். தேக்கு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

சுரண்டி மரத்தைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் வார்னிஷ் வேண்டாம், வெயிலில் இரண்டே ஆண்டில் தோலுரியும். ஆளிவிதை எண்ணெயில் பாதியளவு டர்பன்டைன் கலந்து துணியால் தேய்த்து ஏற்றுங்கள். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறும். சுருண்டு கிடக்கும் துணி யாரும் தொடாமலேயே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்திவிடுங்கள். என் அப்பாவின் பட்டறையில் ஒருநாள் அதிகாலையில் புகை வந்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

ஓட்டைப் பற்றி ஒரு சொல். மங்களூரில் பேசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதைத் தங்கள் ஓடுகளில் முத்திரையாகவே பொறித்து, அதன் பிறகு பல பத்தாண்டுகள் விற்றார்கள். ஆகவே அது வீடு கட்டிய ஆண்டாக இருக்க வாய்ப்பில்லை. இதை உங்கள் தந்தையாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உடைந்த ஓடுகளுக்குப் பதிலாகப் புதிய ஓடு வாங்கினால் அளவும் பூட்டும் பொருந்தாமல் ஒழுகும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் அதே முத்திரை உள்ள ஓடு மலிவாகக் கிடைக்கும், ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

காவிரிக்கரையான் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. படிகளை எண்ணிப் பார்த்தேன். தந்தையாரின் நினைவில் நான்கு படிகள். இப்போது ஒன்றரைதான் மிச்சம். ஆசிட் விஷயமும் உண்மை. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளிக்குக் கூலிக்கு வந்தவர் ஊற்றிக் கழுவியதாகத் தந்தையார் ஒப்புக்கொண்டார். டைல்ஸையும் எமல்ஷனையும் கைவிட்டுவிட்டேன். வீடு மேற்குப் பார்த்தது என்பதை முதலிலேயே சொல்லத் தவறிவிட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திண்ணையில் உட்கார முடிவதில்லை. பிளாஸ்டிக் கொடிகளுக்கும் எல்இடி சரத்துக்கும் பதிலாக ஏதாவது யோசனை உண்டா?

வாடகைவீட்டுவாசி எழுதியது:

மதுரையில் மேற்குப் பார்த்த வாடகை வீட்டில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதியில்லாத நிலையில் கற்றுக்கொண்டவை இவை. பிளாஸ்டிக் கொடி அந்த வெயிலில் ஒரு கோடையிலேயே வெளிறி, அடுத்த கோடையில் கைபட்டால் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பணத்துக்கு ஒரு மூங்கில் தட்டி வாங்குங்கள். பெரிய திண்ணைக்கு மட்டும் போட்டால் போதும். ஓட்டு விளிம்பின் உட்புறமாகக் கட்டினால் மழைச் சாரலில் நனையாது. பிற்பகலில் இறக்கிவிட்டு ஐந்தரைக்குச் சுருட்டிக்கொள்ளலாம். தட்டியின் இடுக்குகள் வழியே வரும் வெயில் சிவப்புத் தரையில் கோடுகோடாக விழும்போது இருக்கும் அழகு, எந்த அலங்காரக் கடையிலும் கிடைக்காது.

விளக்கைப் பொறுத்தவரை, ஓடும் வண்ணச் சரங்கள் திருமண மண்டபத்துக்குப் பொருந்தும், திண்ணைக்கு ஒத்துவராது. 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் ஒளி எல்இடி பல்பு, ஒன்பது வாட், திண்ணைக்கு ஒன்றாக இரண்டு போதும். பனை ஓலைக் கூடையைக் கவிழ்த்து நிழல்கூடாக மாட்டலாம். மஞ்சள் ஒளிக்கு, வெள்ளை ஒளியை விடப் பூச்சிகள் குறைவாகவே வரும். விளக்கடியில் பந்தி போடப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வாசல் மாடத்தில் அகல் ஏற்றும் பழக்கம் இருந்தால் அதற்கு நேர் மேலே பல்பைப் போட்டுவிடாதீர்கள், அகல் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

செடிகளுக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. வெயில் படும் விளிம்பில் பத்துமணிப் பூவும் நித்தியகல்யாணியும், நிழலான உட்பக்கத்தில் மணி பிளான்ட்டும் வையுங்கள்; மூன்றில் எதையும் அக்கம்பக்கத்தில் ஒரு கிள்ளு கேட்டு வாங்கி நட்டுவிடலாம். இப்போதே நட்டால்தான் தை மாதத்துக்குள் தொட்டி நிறையும். மண் தொட்டிகளை நேராகத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் துண்டுகளின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் சிவப்புத் தரையில் வட்டவட்டமாகக் கறை விழும். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதாக இருந்தால் அதில் நிற்கும் நீரை வாரம் இருமுறையாவது கொட்டிவிட வேண்டும். டெங்குக் கொசுவுக்கு அந்த அளவு தண்ணீரே தாராளம். தெருவில் ஆடு உண்டா? உண்டென்றால் பத்துமணிப் பூவைத் தொங்கவிடுவது தவிர வேறு வழியில்லை.

காவிரிக்கரையான் எழுதியது:

தை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

பூச்சைக் கொத்தி எடுத்தபோது செங்கல்லெல்லாம் கறுத்து நனைந்திருந்தது. ஒரு முறமும் அரை முறமுமாகப் பன்னிரண்டு நாள் உப்பைக் கூட்டினார் தந்தையார். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் ஒருவர், செங்கல்மேடு ஐயா சொன்னபடியே, அருகிலுள்ள கோயில் திருப்பணியிலிருந்து கிடைத்தார். கொத்தனார், சித்தாள் இரண்டு நாள் கூலி 3,200. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் 1,450. குழாயும் அதைக் கட்டும் பட்டைகளும் 1,100. பழைய ஓடு பன்னிரண்டும் வண்டிக் கூலியுமாக 480. இந்த 6,230 ரூபாய் போனது எங்கே என்று வீட்டுக்கு வருகிறவர் யாருக்கும் தெரியாது. தட்டி, பாய், விளக்கு, தொட்டி, எண்ணெய், மெழுகு எல்லாம் சேர்த்து 4,810. ஆக மொத்தம் 11,040.

தவறு ஒன்றும் நடந்தது. முதல் கோட் அடித்தபோது சுவரில் மோர்த்தண்ணீர் தெளித்தது போல ஒன்றுமே தெரியவில்லை. நான் பதறிப்போய், அதே நாள் மாலையில் கரைசலைக் கெட்டியாக்கி இரண்டாவது கோட்டை அப்பிவிட்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சாளரத்தின் பக்கம் இரண்டடி அகலத்துக்குச் செதில் செதிலாகப் பெயர்ந்து நின்றது. பெயராத இடமெல்லாம் தானாகவே பளிச்சென்று வெளுத்திருந்தது. காயக் காயத்தான் வெளுக்கும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்! செதிலைத் துலக்கி எடுத்துவிட்டு, மெல்லிய கோட்டாக ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி அடித்தேன்.

தூண்களில் இரண்டை மட்டுமே முழுதாகச் சுரண்ட முடிந்தது. அடியில் இருப்பது தேக்குதான். மற்ற இரண்டும் காப்பி நிறத்தில் நிற்கின்றன. தரையில் ஆசிட் பட்ட மூலை மட்டும் மங்கலாகவே இருக்கிறது, அங்கே மணி பிளான்ட் தொட்டியை வைத்துவிட்டோம். 1865 விஷயத்தைத் தந்தையாரிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஓட்டை மாற்றியது அந்த வருஷமாக இருக்கும்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

960 ரூபாய் மிச்சம் இருக்கிறது. திண்ணையின் முகப்புப் பலகத்தில், வெள்ளைக்கு மேல் காவிப் பட்டை அடிக்க வேண்டும் என்கிறார் தந்தையார். எனாமலில் அடித்தால் நிற்குமா?

காரைக்குடி மருமகள் எழுதியது:

எனாமல் வேண்டாம் தம்பி, புதுச் சுண்ணாம்பின் மேல் எனாமல் பிடிக்காது, பட்டை பட்டையாக உரிந்து வரும். நாட்டு மருந்துக் கடையிலோ கோலப்பொடி விற்பவரிடமோ காவிக்கல் பொடி கிடைக்கும். வடித்த சுண்ணாம்புத் தெளிவில் அதைக் குழைத்து, கொஞ்சம் கஞ்சி சேர்த்து, நான்கு விரற்கடை அகலத்துக்கு நூல் பிடித்து அடியுங்கள். கீழ்விளிம்பிலிருந்து ஒரு சாண் விட்டுத் தொடங்குங்கள், தெருவில் தண்ணீர் தெளிக்கும்போது சேறு தெறிக்கும். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு அடித்தால் போதும், அதற்கு முன்னால் அடித்தால் ஆடு உரசிவிட்டுப் போகும்.